இந்தச் சபையைச் சேர்ந்த கிருபானந்தம்

சித்தூர்
22-1-1967, ஞாயிறு

கிருபானந்தம் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

செகந்திராபாத்திலிருந்து உங்கள் தந்தி நேற்று மத்தியானம் வந்தது. பட்டியாலா முகாமுக்கு அழைப்பு, கல்யாணத்தைத் தள்ளிவை. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். பத்திரிகை வேலூரில் அச்சடித்து வந்து, நாகலாபுரத்துப் பெரியம்மா வரைக்கும் கொடுத்தாயிற்று. என் நைனா, மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படித்தவர். உங்கள் தந்தியை மட்டும் மூன்று தடவை படித்தார். "இன்னாமே இது, தள்ளி வையாம்! அடுப்புல கீற பானையா, தள்ளி வெக்கிறதுக்கு?" என்று கத்தினார். கோவிலுக்குப் போய், மூன்றாம் ஞாயிறாகக் கல்யாண ஓலை வாசிப்பதை நிறுத்தப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். நான்தான் காலைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன்.

அதனால் இன்று காலை ஆராதனையில் மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். நம் போதகர் இயேசுதாசன் ஐயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தச் சபையைச் சேர்ந்த கிருபானந்தம் என்னும் வாலிபனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த லோயிஸ் என்னும் கன்னிகைக்கும்" என்று வாசித்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தந்தி என் பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது.

முகாம் பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? இந்தியாவுக்கு ஹாக்கி ஆடப் போகிறவர்களைப் பொறுக்குகிற இடம். மிஷன் ஸ்கூல் மைதானத்தில் நீங்கள் ஆடுவதைப் பெண்கள் பக்கத்து மதில் மேல் ஏறிப் பார்த்து உதை வாங்கினவள் நான். ஆனால் "போகட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாசித்த ஓலை மூன்று மாதம் செல்லுமாம். அதற்குள் கல்யாணம் நடக்காவிட்டால் வாசித்ததெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து. ஏப்ரல் 22 வரை நாள் இருக்கிறது. நடுவில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள், அப்போது ஐயர் கல்யாணம் நடத்த மாட்டார். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லோயிஸ்


பட்டியாலா
3-2-1967

அன்புள்ள லோயிஸ்,

இங்கே கடுங்குளிர். விடிகாலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. மூன்று வேளையும் சப்பாத்தி. சோறு கேட்டால் சிரிக்கிறார்கள்.

நாற்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் புல்பேக் ஆறு பேர். வேண்டியது மூன்று. உனக்குத்தான் தெரியுமே, நம் கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனைத் தடுப்பது என் வேலை. கோல் போடுகிறவன் பெயரைப் பேப்பரில் போடுவார்கள். புல்பேக் பெயர் பேப்பரில் வந்தால் அவன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான் என்று அர்த்தம். ஆனாலும் இந்த ஆறு பேரில் நான் மோசமில்லை என்று நினைக்கிறேன்.

கேட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கேட்டிருந்தால் நீ போகாதே என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதுதான் உண்மை.

ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மைதானத்தில் இருந்தேன். பெனால்டி கார்னர் பழகிக்கொண்டிருந்தோம். அது நம் கல்யாண நேரம் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பந்து முழங்காலில் பட்டது. வலித்தது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

ஏப்ரலுக்குள் வருவேன். நைனாவிடம் சொல்.

கிருபானந்தம்


சித்தூர்
30-4-1967

அன்புள்ள கிருபானந்தம் அவர்களுக்கு,

பேப்பரில் பட்டியல் பார்த்தேன். பதினெட்டுப் பெயர். இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். உங்கள் பெயர் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்ததும், இனி வந்துவிடுவார் என்று சந்தோஷம் வந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. இதை நான் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

நீங்கள் வரவில்லை. பட்டியாலாவிலிருந்து நேராக செகந்திராபாத் போய் ரயில்வே ஆபீசில் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்களாம். உங்கள் அண்ணி சொல்லித்தான் தெரியும். பெயர் வராததற்காகச் சித்தூரில் யார் உங்களைக் கல்லால் அடிக்கப் போகிறார்கள்? உங்கள் பெயர் எங்களுக்குப் பேப்பரில் வந்துதான் தெரிய வேண்டுமா?

22-ம் தேதி போன மறுநாள் ஐயர் என்னைக் கூப்பிட்டு, "ஓலை காலாவதி ஆயிடுச்சும்மா" என்றார். பாவம், அவருக்கே சங்கடம். நைனா மட்டும், "தேதி போன மருந்து. சாக்கடைல ஊத்த வேண்டியதுதான்" என்றார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார்.

நான் இருக்கிறேன். இதை எத்தனை தடவை எழுத முடியும் என்று தெரியவில்லை.

லோயிஸ்


செகந்திராபாத்
6-7-1970

அன்புள்ள லோயிஸ்,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறு. உன் மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் முடியப் போகிறது என்று அண்ணி எழுதினாள். நீ இப்போது பழத்தின் தரம் பார்க்கிறவளாமே. நீ வேண்டாம் என்று தலையாட்டினால் ஒரு லாரி பெங்களூரா மாம்பழம் அப்படியே திரும்பிப் போய்விடுமாமே. உன்னிடம் நானும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதற்குள் இன்னும் இரண்டு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் கடைசி நாளில் பெயர் வெட்டு. மூன்றாவது தடவை வெட்டும்போது அவ்வளவாக வலிக்காது என்று நினைத்திருந்தேன். வலிக்கத்தான் செய்தது. இனி முகாம் இல்லை. எனக்கு முப்பது வயது. ரயில்வேக்கு ஆடினால் போதும்.

மூன்று வருஷம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று இருந்தேன். முகம் அதேதான். கேட்கிறேன். ஆகஸ்டில் ஓலை வாசிக்கச் சொல்வாயா? பம்பாயில் ஒரு டோர்னமெண்ட் 22-ம் தேதி முடிகிறது. 24-ம் தேதி சித்தூரில் இருப்பேன்.

கிருபானந்தம்


சித்தூர்
17-8-1970

அன்புள்ள, அன்புள்ள, இந்தத் தடவை அடிக்கவில்லை.

நேற்று மூன்றாம் ஓலை முடிந்தது. "இந்தச் சபையைச் சேர்ந்த" என்று ஐயர் ஆரம்பித்ததும் பின் பெஞ்சில் யாரோ, "பரவால்லியே, இன்னும் சபையிலதான் கீறாரா!" என்றார்கள். சிரிப்பு. சிரிக்கட்டும். கம்பெனியில் வெங்கடலட்சுமி, என்னோடு கூழ் ருசி பார்க்கிறவள், மூன்று வருஷமாகத் தினமும் "ஏம் லோயிசம்மா, பெள்ளி எப்புடு?" என்று தெலுங்கில் கல்யாண நாளைக் கேட்டே என் உயிரை வாங்கினாள். இன்று அவளிடம் பத்திரிகையை நீட்டினேன். கல்யாண நாளைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

26-ம் தேதி, புதன், பத்து மணி. நைனா கூடப் புது வேட்டி எடுத்திருக்கிறார். எடுத்ததை மறைத்து வைத்திருக்கிறார்.

சீக்கிரம் வாருங்கள். பந்து வந்தால் விலகி நில்லுங்கள், ஜெயிக்காவிட்டால் பரவாயில்லை.

லோயிஸ்


பம்பாய்
30-8-1970

லோயிஸ்,

மானேஜர் அடித்த தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். அரையிறுதியில் கடைசி ஐந்து நிமிஷம். அவர்கள் லெஃப்ட் அவுட் ஓடி வந்தான். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். கோல் விழவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வலது முழங்காலுக்குள் ஏதோ தசைநார் அறுந்துவிட்டதாம். அறுத்துத் தைத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

26-ம் தேதி பத்து மணிக்கு இங்கே ரவுண்ட்ஸ் நேரம். டாக்டர் நாடி பார்க்கும்போது நான் அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கிளம்பி வருவாய் என்று பயமாக இருக்கிறது. வராதே. இந்தக் காலோடு என்னைப் பார்க்காதே. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நானே எழுதுகிறேன்.

கிருபானந்தம்


சித்தூர்
12-9-1970

கிருபானந்தம் அவர்களுக்கு,

தந்தி வந்ததுமே நான் கிளம்பிவிட்டேன். உங்களுக்குத் தெரியாது. நைனாவின் சிநேகிதர் ஒருவர் பம்பாயில் இருக்கிறார், அவர் வீட்டில் தங்கலாம் என்று நைனாவே சொன்னார். பெட்டியைக் கட்டுகிற அன்றைக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். காய்ச்சல் விட்டு, நைனாவும் நானும் அரக்கோணம் வந்து, பம்பாய் மெயிலுக்கு டிக்கெட் எடுத்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். அங்கேதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். புறப்படுகிற அவசரத்தில் தபால்காரர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டிருந்தேன்.

'வராதே.'

மெயில் வந்து நின்றது. நைனா பெட்டியைத் தூக்கினார். நான் எழுந்திருக்கவில்லை. "ஏறுமா" என்றார். "வேணாம் நைனா, வரவேணாம்னு எழுதிக்கீறார்" என்றேன். ரயில் போயிற்று. நைனா என்னைத் திட்டவில்லை. ஆளுக்கு ஒரு காபி வாங்கி வந்தார். குடித்துவிட்டு ரேணிகுண்டா வண்டி ஏறித் திரும்பிவிட்டோம்.

அந்தக் காலைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா? மூன்று மூன்று ஆறு ஞாயிறு என் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து கோவிலில் கேட்டிருக்கிறது. பம்பாய் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் அந்தக் கட்டை அவிழ்த்துக் கட்டுகிறாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருக்கிறது, தெரியுமா? ஒரு கட்டு கட்ட விடவில்லையே என்னை.

வராதே என்றீர்கள். வரவில்லை. இனி வா என்று நீங்கள் எழுதினாலும் நான் பெட்டி கட்ட மாட்டேன்.

லோயிஸ்


பட்டியாலா
25-11-1973

அன்புள்ள லோயிஸ்,

மூன்று கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினேன். நீயும் மூன்று அனுப்பினாய். இரண்டு பேரும் கையெழுத்துக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

ஆட முடியாதவன் ஆடச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ரயில்வேயில் என்னை இங்கே பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்பியது அண்ணி சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். படிப்பு முடிந்து இங்கேயே உதவிப் பயிற்சியாளனாக இருக்கிறேன். போன மாதம் சோவியத்திலிருந்து ஒரு குழு வந்தது. அதில் இமான்ட்ஸ் என்று ஒருவர். லாத்வியா என்று ஒரு தேசம், ரீகா என்று ஊர். அங்கே பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடுவார்கள். காலில் கத்தி மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வழுக்கிக்கொண்டே ஓடுவார்களாம். இவர் என்னைப் போலப் பின்னால் நிற்கிறவர். பதினைந்து வருஷம் ஆடியிருக்கிறார். மூக்கு இரண்டு தடவை உடைந்து, முன்பல் நான்கு போய், தோள் ஒரு பக்கம் இறங்கி, பிறகு பயிற்சியாளர். ஐம்பத்தொரு வயது. துறைமுகத்தில் கற்ற கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். மிஷன் ஸ்கூல் இங்கிலீஷ் எனக்கு இருப்பதால் அவரோடு என்னைப் போட்டார்கள்.

ஒரு நாள் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது "மனைவி?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்கு ஓலையை எப்படிச் சொல்வது? கோவிலில் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பார்கள், எனக்கு இரண்டு தடவை மூன்று மூன்றாக வாசித்தார்கள், நான் போகவில்லை என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், அவர்கள் சபையிலும் அப்படித்தானாம். அவர்கள் பாஷையில் அதற்குக் 'கூவுவது' என்று பெயராம். 1944-ல் அவருக்கும் ஒரு பெண்ணுக்கும் இரண்டு ஞாயிறு கூவினார்களாம். மூன்றாம் ஞாயிறுக்குள் யுத்தம் ஊருக்குள் வந்துவிட்டது. அவள் வீட்டார் மீன்பிடி படகில் கடலைத் தாண்டினார்கள். அவரையும் கூப்பிட்டாள். அடுத்த படகில் வருகிறேன் என்றாராம். அடுத்த படகு வரவே இல்லை.

"அவள் எங்கே?" என்றேன். "எதிர்க்கரையில்" என்றார். இருபத்தொன்பது வருஷம். ஒரு கடிதம் கூடக் கிடையாது. பிறகு, ஆட்டத்தில் தன்னை யாரும் லேசில் தாண்டிப் போனதில்லை என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்தார். முன்பல் இல்லாத சிரிப்பு. பாதிச் சுற்றில் அவரை விட்டுவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

நமக்கு நடுவில் கடல் ஒன்றும் இல்லை லோயிஸ். இரண்டு ரயில்தான். இன்னும் ஒரு தடவை வாசிக்கச் சொல்வாயா? நீ வேண்டாம் என்றாலும் அது நியாயம்தான். ஆனால் கேட்காமல் செத்துப்போகக் கூடாது.

கிருபானந்தம்


சித்தூர்
9-12-1973

அன்புள்ள கிருபானந்தம் அவர்களுக்கு,

அந்த மனிதருக்காக நான் அழுதேன். உங்களுக்காக அழவில்லை, மிச்சம் இல்லை.

ஐயரிடம் சொல்லிவிட்டேன். ஜனவரி 6, 13, 20. அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நைனாவிடம் சொன்னபோது, "இன்னொரு வாட்டியா? ஐயருக்கு மனப்பாடமே ஆயிருக்குமே" என்றார். பிறகு கொஞ்சம் கழித்து, "கால் எப்படிக் கீதாம்?" என்று கேட்டார்.

ஒரே ஒரு கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு நாம் எங்கே இருக்கப் போகிறோம்? கம்பெனியில் இப்போது என் கீழ் பதினாறு பெண்கள் வேலை செய்கிறார்கள். நைனாவுக்கு ஒரு கண் மங்கிவிட்டது. இதற்குப் பதில் எழுதுங்கள்.

லோயிஸ்


பட்டியாலா
2-1-1974

அன்புள்ள லோயிஸ்,

சந்தோஷத்தில் கை ஓடவில்லை. குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள். இரண்டு அறை. முன்னால் ஒரு வேப்பமரம். குளிருக்குப் போர்த்த ரஜாய் வாங்கிவிட்டேன். நீ ரொட்டி சுடப் பழகிக்கொள்ள வேண்டும். இங்கே மாம்பழம் சுமார்தான், நீ திருப்பி அனுப்ப லாரியும் வராது. பிப்ரவரி 6 கல்யாணம், 9-ம் தேதிக்கு நம் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். நைனாவுக்கு அண்ணி வீட்டில் ஏற்பாடு செய்யலாம்.

கிருபானந்தம்


சித்தூர்
20-1-1974, ஞாயிறு

கிருபானந்தம் அவர்களுக்கு,

மற்றவர்கள் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

இன்று மூன்றாம் ஓலை. ஐயர், "இந்தச் சபையைச் சேர்ந்த கிருபானந்தம்" என்று வாசித்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

திட்டம் போட்டு எழுந்திருக்கவில்லை. கால் தானாக எழுந்தது. ஐயர் நான் இருமப் போகிறேன் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போனார். "ஐயா, ஆட்சேபணை" என்றேன். கோவிலில் விசிறி ஆட்டுகிற சத்தம் கூட நின்றுவிட்டது. "இன்னாம்மா?" என்றார். "இந்தச் சபையைச் சேர்ந்தன்னு வாசிச்சீங்க. அது பொய்ங்கய்யா. அவரு இந்தச் சபையில இல்ல. ஏழு வருசமா இல்ல. மூணு வாட்டி வாசிச்சீங்க, மூணு வாட்டியும் அவரு இங்க இல்ல. சபையில இல்லாதவரை எப்டி சபைன்னு வாசிக்கிறது?"

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆராதனை முடிந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். ஒருவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்தச் சபையின் பெயரைச் சொல்லித்தான் வாசிக்க வேண்டுமாம். வாசித்தது செல்லாது. இத்தனை வருஷமாக அவர் பழக்கத்தில் அப்படி வாசித்துவிட்டாராம்.

நைனா வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் திறந்ததும், "நல்ல கேள்விதான் கேட்ட. கொஞ்சம் மெதுவா கேட்டிருக்கலாம்" என்றார்.

எங்கே இருப்போம் என்று கேட்டேன். நீங்கள் டிக்கெட் போட்டீர்கள். என்னையும் நைனாவையும் மூட்டை மாதிரி பிரித்து வைத்தீர்கள். நீங்கள் பந்து வரட்டும் என்று நிற்கிறவர். நான் பந்து இல்லை.

லோயிஸ்


பட்டியாலா
1-2-1974

லோயிஸ்,

ஊர் முன்னால் என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டாய். அண்ணி எழுதினாள், உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. கோபத்தில் டிக்கெட்டைக் கிழித்தேன். ரஜாயை ஆபீஸ் பியூனுக்குக் கொடுத்துவிட்டேன்.

உனக்கு எதிராகச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பத்து நாளாகத் தேடுகிறேன். கிடைக்கவில்லை. அதனால்தான் இன்னும் கோபம்.

கிருபானந்தம்


சித்தூர்
3-3-1974

அன்புள்ள கிருபானந்தம் அவர்களுக்கு,

நீங்கள் எழுதி ஒரு மாதம் ஆகிறது. லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

உங்களை வேண்டாம் என்று சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. வேண்டும் என்றுதான் எழுந்தேன். எனக்கு முப்பது வயதாகிறது. கம்பெனியில் ஒரு நாளைக்கு நூறு கரண்டி கூழ் ருசி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காபி கூட இனிப்பதில்லை. அப்போது பேப்பர்காரர் மணி அடித்துக்கொண்டு போவார், ஹாக்கி பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். உங்கள் பெயர் வராது என்று தெரிந்தும் பார்ப்பேன். உங்கள் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. அதுதான் பெரிய பயம். எழுத்து ஞாபகம் இருக்கிறது, குரல் இல்லை. ஏழு வருஷத்தில் நேரில் பதினோரு நாள்தான் பேசியிருக்கிறோம். நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

எனக்கு வேப்பமரம் வேண்டாம். சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது காந்தி ரோடு முனையில் நீங்கள் நொண்டிக்கொண்டு எதிரில் வர வேண்டும். "இன்னா, இவ்ளோ நேரம்?" என்று நீங்கள் கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

லோயிஸ்


திருப்பதி
24-6-1974

அன்புள்ள லோயிஸ்,

இது உனக்கு ஆச்சரியமாக இருக்காது, அண்ணியால் எதையும் வயிற்றில் வைத்திருக்க முடியாது. ஆனாலும் நானே எழுத வேண்டும்.

பட்டியாலாவில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். பெரிய பயிற்சியாளர் கேட்டார், "எந்த டீமுக்குப் போகிறாய்?" என்று. "சித்தூருக்கு" என்றேன். அப்படி ஒரு டீம் இருக்கிறதா என்றார். இங்கே திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர் வேலை. திருச்சானூர் ரோட்டில் மைதானம். முள்ளும் கல்லும். பதினான்கு பெண்கள், ஸ்டிக் ஒன்பது. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடுகிறார்கள். நகரியிலிருந்து யசோதா என்று ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண், அவளை புல்பேக் போட்டிருக்கிறேன். என்னைவிட நன்றாக ஆடுவாள். வருகிற பந்துக்காக நிற்பதில்லை, முன்னால் ஓடிப்போய்ப் பிடுங்குகிறாள். முதல் நாள் "நில்லு, நில்லு" என்று கத்தினேன். இப்போது கத்துவதில்லை.

கல்லூரியில் தங்க அறை தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். திருப்பதியில் தூங்கினால் திருப்பதிச் சபை. அதனால் சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துவிட்டேன். காலையில் ஆறு மணி பஸ், பாகாலா, சந்திரகிரி வழியாக இரண்டு மணி நேரம். சாயங்காலம் அதே மாதிரி. முழங்கால் மடக்க இடம் இல்லாததால் கண்டக்டர் முனிகிருஷ்ணன் முன் சீட்டை எனக்கு வைத்திருக்கிறார். "ஏமண்டி கோச்சுகாரு, பஸ்ஸுலயே குடித்தனமா?" என்று தினமும் கேலி செய்கிறார்.

நேற்று ஐயரிடம் போய்ச் சபைப் பதிவில் என் பெயரை எழுதச் சொன்னேன். இது எத்தனை நாளைக்கு என்று கேட்டார். லோயிசைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சொல்.

கிருபானந்தம்


சித்தூர்
10-9-1974

அன்புள்ள லோயிஸ்,

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுவது அபத்தமாக இருக்கிறது. ஆனால் ஓலை வாசித்து முடியும் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பேசக்கூடாது என்று நைனா சட்டம் போட்டிருக்கிறார். இரண்டு மாதம் தினமும் காந்தி ரோடு முனையில் உன்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பத்து நாளாகப் பார்க்காமல் இருப்பது, பட்டியாலாவை விடத் தூரமாக இருக்கிறது.

இரண்டு ஓலை முடிந்தது. இரண்டு தடவையும் நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆட்சேபணை உண்டா என்று ஐயர் கேட்கும்போது பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது விஷயம். நம் பெண்கள் கல்லூரிப் போட்டியில் அரையிறுதி ஜெயித்துவிட்டார்கள். இறுதி ஆட்டம் குண்டூரில், 15-ம் தேதி, மூன்றாம் ஓலை வாசிக்கிற அதே ஞாயிறு. நான் போகப் போவதில்லை. உடற்கல்வி உதவியாளரை அனுப்புகிறேன் என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன். யசோதா அழுதாள். பரவாயில்லை. இந்த ஞாயிறு நான் இந்தக் கோவிலில் இருப்பேன். நீ என்ன சொல்கிறாய்?

கிருபானந்தம்


சித்தூர்
12-9-1974

என் அன்புள்ள கிருபானந்தம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை முனிகிருஷ்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், தபால் தாமதமாகிவிடும். நைனாவுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் குண்டூருக்குப் போங்கள்.

இரண்டு தடவை படித்தாலும் அதேதான் எழுதியிருக்கிறது. போங்கள். அந்தப் பெண் எதற்கு அழ வேண்டும்? கடைசி நாளில் பெயர் வெட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவர்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்த உதவியாளருக்கு என்ன தெரியும்?

எனக்குப் பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் ஊரை விட்டுப் போகிறீர்கள் என்றாலே எனக்கு அரக்கோணம் பிளாட்பாரம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் இந்தத் தடவை நீங்கள் என்னைக் கேட்டீர்கள். போவதற்கு முன்பே, நின்று, கேட்டீர்கள். நீங்கள் கேட்காத ஒன்றுக்கு ஏழு வருஷம் பதில் வைத்திருந்தேன். அந்தப் பதிலை இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வாசிக்கட்டும். ஆண்கள் பக்கத்தில் உங்கள் இடம் காலியாக இருக்கட்டும். யாராவது வாயைத் திறந்து, மாப்பிள்ளை எங்கே, இன்னும் சபையில் இருக்கிறாரா என்று கேட்டால், நான் எழுந்து நிற்பேன். "இந்தச் சபைதான், குண்டூர் வரைக்கும் போயிக்கீறாரு, திங்கக்கெழம சாயங்காலம் திருப்பதி பஸ்ஸுல வந்துடுவாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

போயிட்டு வாங்க.

லோயிஸ்